கழுவிக் கொடுத்த பதினான்கு குச்சிகள்

பவானியின் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். பிறந்து வளர்ந்தது அந்தமானில் சிப்பிகாட். போர்ட் பிளேரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை. காசநோய்ச் சளி, மலேரியா ரத்தம் என்று தீவுகளின் நோயெல்லாம் அவள் கைபட்டுத்தான் பெயர் பெற்றன. இப்போது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் வைரஸைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையும் அவள் பொறுப்பு. மனிதர்களைவிட மெஷினை நம்புவாள். மெஷினுக்கு முகதாட்சண்யம் கிடையாது என்பாள்.

ஆகஸ்ட் மாதம் வடக்குக் கோடியில் திக்லிபூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த முகாமிலிருந்து நாற்பது டியூப்கள் பஸ்ஸில் வந்து இறங்கின. இந்தப் பரிசோதனைக்கு டாக்டர் முன்னால் படுக்க வேண்டியதில்லை. பெண்களே மறைவாகப் போய்ப் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, டியூபில் போட்டு மூடிக் கொடுத்துவிடலாம்.

நாற்பதில் பதினான்கு 'செல்லாது' என்று வந்தன. மெஷின் ஒவ்வொரு டியூபிலும் இரண்டைத் தேடும். ஒன்று வைரஸ். மற்றது, அந்தப் பெண்ணின் உடம்புச் செல் கொஞ்சமாவது இருக்கிறதா என்பது. செல்லே இல்லாத டியூபைப் பார்த்து வைரஸ் இல்லை என்பது, ஆளில்லாத வீட்டைப் பார்த்து இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை என்பதைப் போல. பவானி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அதே பதினான்கு.

"மறு மாதிரி தேவைன்னு எழுதி அனுப்பிடுங்க" என்றார் கூடத்துப் பொறுப்பாளர் டாக்டர் பாலசுப்பிரமணியம்.

அதுதான் முறை. அனுப்பினால் என்ன ஆகும் என்பதும் பவானிக்குத் தெரியும். முகாம் முடிந்துவிட்டது. தாள் போய் ஏதோ ஒரு ஃபைலில் படுத்துக்கொள்ளும். அந்தப் பதினான்கு பேரில் ஒருத்திக்கு நோய் இருந்தால், அது படுத்துக்கொண்டிருக்காது.

நாற்பது பேரையும் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்தவள், அந்தக் கிராமத்துச் சுகாதாரத் தொண்டரான ஆஷா ஊழியர் சுசீலா. பவானி அவளுக்கு போன் போட்டாள். சுசீலாவுக்குப் பவானி 'தீதி', இந்தியில் அக்கா.

"எல்லாரும் நான் சொன்னபடிதான் எடுத்தாங்க தீதி. கொஞ்சப் பேரு குச்சியைக் கழுவிக்கூடக் கொடுத்தாங்க."

"என்ன பண்ணாங்க?"

"தண்ணியில அலசிட்டு டியூப்ல போட்டாங்க. இரவல் வாங்குன பாத்திரத்தையே கழுவித்தானே திருப்பிக் கொடுக்குறோம்? இது அந்த இடத்துல பட்டது வேற. அங்க யாரோ ஆம்பளை திறந்து பார்ப்பாரேன்னு கூச்சம். என் குச்சியை நான்தான் முதல்ல கழுவிக் காட்டினேன்."

வாய்வரை வந்த திட்டைப் பவானி விழுங்கினாள். கழுவக் கூடாது என்று அவர்களிடம் யார் சொன்னார்கள்? டியூபைத் திறப்பது ஒரு பெண் என்று யார் சொன்னார்கள்? இத்தனை நாள் தனக்கும் தோன்றவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"மறுபடி எடுக்கணும் சுசீலா."

"நஹீ ஹோகா தீதி, நடக்காது. ரெண்டாவது தடவை கேட்டா, நோய் வந்துருச்சுன்னு ஊர் பூரா பேச்சாயிடும். யாரும் வர மாட்டாங்க."

"குச்சியில ஒண்ணும் ஒட்டல, அவ்வளவுதான்னு சொல்லிக் கூட்டி வை, நானே வர்றேன்" என்ற பவானி மூன்று நாள் லீவு போட்டு பஸ் ஏறினாள். பகல் முழுக்கக் காட்டு வழி. இடுப்பு கழன்றுவிட்டது. மறுநாள் காலை அங்கன்வாடியில் பதினான்கு பேரும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க டியூபைத் திறக்கிறது நான்தான். ஆம்பளை யாரும் தொட மாட்டாங்க. கழுவாம அப்படியே கொடுங்க. எனக்கு அந்த அழுக்குதான் வேணும்."

வேலாயி என்ற ஐம்பது வயதுக்காரி முதலில் சிரித்தாள். "சர்க்காரே அழுக்கு கேக்குதா? கொடுத்துட்டாப் போச்சு." எழுந்து குச்சியை வாங்கிக்கொண்டாள். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாகப் போனவள் சுசீலா.

அடுத்த வாரம் மெஷினிலிருந்து விடை வந்தது. பதிமூன்று பேருக்கு ஒன்றுமில்லை. ஒருத்திக்கு வைரஸ் இருந்தது, அதுவும் அதில் பதினாறாம் வகை. புற்றுநோயைக் கொண்டுவருவதில் அதுதான் முன்னால் நிற்கும். டியூபில் எண் மட்டும்தான் இருக்கும். பவானி பட்டியலைப் புரட்டி, எண்ணுக்கு நேரே இருந்த பெயரைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"ரிசல்ட் வந்துடுச்சு சுசீலா. பதிமூணு பேருக்கு ஒண்ணுமில்ல."

"அய்யோ, அப்ப ஒருத்தருக்கு இருக்கா? வேலாயி அக்காவுக்கா? நீங்க சொல்லாதீங்க தீதி, பயந்துடும். நானே வீட்டுக்குப் போய்ப் பக்குவமாச் சொல்றேன்."

பவானி பட்டியலை மூடி வைத்தாள். சொல்லித்தானே ஆக வேண்டும்?

"உனக்குத்தான்மா."

வைரஸ் இருந்தால் புற்றுநோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, டாக்டர் லென்ஸ் வழியாக உள்ளே பார்க்க வேண்டும், ஆரம்பத்திலேயே தெரிந்தால் சரிசெய்துவிடலாம் என்று பவானி சொல்லிக்கொண்டே போனாள்.

"தீதி, வெக்கப்படக் கூடாதுன்னு நாப்பது வீட்டுல சொன்னவ நான். இதை இங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை பஸ் ஏறு. ஸ்டாண்டுல வந்து நிக்கிறேன்."

"டாக்டர் ரூமுக்குள்ளயும் கூட வருவீங்களா?"

"வர்றேன்" என்றாள் பவானி.