அக்கா இருந்த இடத்தில் ஒரு நாய்க்குட்டி

படக்கதைப் புத்தகம் எது வந்தாலும் அக்கா அதைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திறப்பாள். அங்கே எல்லாரும் சேர்ந்து நிற்கும் படம் இருக்கும். காது கேட்காத முயலோ, பேச்சு திக்கும் சிறுவனோ, யாரோ ஒருவர் நடுவில். சுற்றிலும் மற்றவர்கள் சிரித்துக்கொண்டு. அக்கா தன் கட்டைவிரலை நடுவில் இருப்பவர்மேல் வைத்து மறைப்பாள். பிறகு ஓரங்களைப் பார்ப்பாள். யாருக்கு முதுகு மட்டும் வரைந்திருக்கிறார்கள், யார் பக்கத்தின் விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறார்கள். பார்த்து முடித்ததும் விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு உறை வெட்ட உட்கார்ந்துவிடுவாள்.

நூலகத்தின் பின்னறையில் எங்களுக்கு அதுதான் வேலை. நான் புத்தக முதுகில் எண் ஒட்டுவேன். அவள் அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போடுவாள். ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பு. உள்ளே ஒரு காற்றுக்குமிழ் நிற்காது. ஓய்வு பெறப்போகிற நூலகர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

குழந்தைகள் பிரிவுக்கு அந்த மாதிரிக் கதைகள் நிறைய வரும். ஒரு பிள்ளை மற்றவர்களைப்போல இருக்காது. எல்லாரும் ஒதுக்குவார்கள். பிறகு வெள்ளம் வரும், அந்தப் பிள்ளையால் எல்லாரும் பிழைப்பார்கள், கட்டிக்கொள்வார்கள்.

“வெள்ளம் வரலைன்னா என்ன பண்ணியிருப்பாங்களாம்?” என்பாள் அக்கா.

அவளுக்கு ஒரு தம்பி. பிறவியிலேயே கால்களில் பலமில்லை. தொடையிலிருந்து காலணிவரை இரும்புப் பட்டை போட்டுத்தான் நடப்பான். பள்ளி நாட்களில் அவனுடைய பை அவள் முதுகில், அவளுடைய பை மார்பில், அவன் கை அவள் தோளில். படிக்கட்டு வந்தால் பைகள் கீழே, தம்பி முதுகில். அவனை மேலே உட்காரவைத்துவிட்டு மறுபடி இறங்கிப் பைகளை எடுத்துப்போவாள். அவளுக்கு ஓட்டம் நன்றாக வரும் என்று விளையாட்டு ஆசிரியர் சொல்லியிருந்தாராம். ஆனால் பயிற்சி சாயங்காலம். சாயங்காலம் தம்பியை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

தம்பியின் வகுப்பு டீச்சர் அவனைப் பற்றி ஒரு கதை எழுதினார். புத்தகமாக வந்தது, நிறையப் பேர் வாங்கினார்கள். இரும்புக் காலணி போட்ட ஒரு பையன். அவனைச் சேர்த்துக்கொள்ளாத வகுப்பு. அவனோடு தினமும் பள்ளிக்கு வரும் ஒரு பழுப்பு நிற நாய்க்குட்டி. நாய்க்குட்டிதான் அவன் பையை வாயில் கவ்விக்கொண்டு படியேறும். கடைசிப் பக்கத்தில் மொத்த வகுப்பும் நின்றது, வாட்ச்மேன்கூட நின்றார். அக்காவைக் காணோம். அவள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தாளாம், தான் உள்ளே எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறோமோ என்று. “கதைதானே கண்ணு, விடு” என்றாளாம் அம்மா.

அவள் விடவில்லை. “நாய் பட்ட பாடு பட்டது நான். பேர் வாங்கினது அது. அந்தப் பை என்ன கனம்னு அதுக்குத் தெரியுமா?” என்பாள். ஒருநாள் என் கையிலிருந்த கவிதைத் தொகுப்பைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்: “மூணு வரி எழுதிட்டு மீதிப் பக்கத்தைக் காலியா விட்டுடறாங்க. என்னையும் இப்படித்தான் விட்டுட்டாங்கடா.”

இவ்வளவு வருடம் கழித்து அந்தப் புத்தகம் புதிய படங்களோடு மறுபதிப்பு வரப்போகிறது, நூலகத்தில் தம்பியே வந்து குழந்தைகளுக்கு வாசிக்கப்போகிறான் என்று நூலகர் சொன்னபோது அக்காவின் கத்தரிக்கோல் நின்றது.

“புதுசா வரையறாங்கன்னா பாத்துதான் வரைவாங்க. இந்தத் தடவை சேத்திருப்பாங்க. முதுகு மட்டும் போட்டிருந்தாக்கூடப் போதும்.”

பார்சல் வந்த அன்று அவள் அதைத் தொடவில்லை. “நீயே பிரி” என்றாள். நான் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். நாய் முன்பைவிடப் பெரிதாக இருந்தது. அட்டையிலும் அதுதான்.

“கழுத்துப் பட்டை வேற வாங்கிக் குடுத்திருக்காங்க” என்றாள். “செவப்புல.”

அன்று எல்லாப் பிரதிகளுக்கும் அவளே உறை போட்டாள். ஒவ்வொன்றிலும் சரியாக நாயின் மூக்கின்மேல் ஒரு காற்றுக்குமிழ் நின்றது. வேறெங்கும் இல்லை. எண் ஒட்டும்போது நான் அதைப் பார்த்தேன். அவளும் நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

வாசிப்பு நாளில் தம்பி வந்தான். செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறவன். சட்டைப்பையில் குட்டி ஸ்குரூடிரைவர். குழந்தைகள் அவனை மொய்த்துக்கொண்டார்கள். கால்பட்டையைத் தட்டிப் பார்க்க வரிசை நின்றது. அக்கா அலமாரிக்குப் பின்னால், புத்தகங்களுக்கு நடுவிலிருந்த இடைவெளி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில்.

வாசித்து முடித்ததும் முன்னால் இருந்த ஒரு சிறுமி கேட்டாள். “அங்கிள், அந்த நாய்க்குட்டி இப்ப எங்க?”

தம்பி அலமாரிப் பக்கம் பார்த்தான். “அது வளந்துடுச்சு. இங்கதான் வேலை பாக்குது. கோவம் வந்தா கடிக்கும்.”

குழந்தைகள் நாற்காலிகளுக்கு அடியில் குனிந்து தேடினார்கள். அக்கா வெளியே வந்துவிட்டாள். “டேய், வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு!” எல்லாரும் சிரித்தார்கள்.

“இவங்க யாரு?” சிறுமி விடவில்லை.

“எங்க அக்கா. இவங்கதான் என்னை ஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போனாங்க.”

“அப்ப ஏன் கதைல இல்ல?”

தம்பி வாயைத் திறந்தான். பிறகு குனிந்து, ஏற்கெனவே மாட்டியிருந்த கால்பட்டைக் கொக்கியைக் கழற்றி மறுபடி மாட்டினான். நூலகர் எல்லாருக்கும் பிஸ்கட் இருக்கிறது என்று அறிவித்தார். பிஸ்கட் தட்டு வருவதற்குள் அக்கா பின்னறைக்குப் போய்விட்டாள்.

“பாத்தியா? வாயே வரல அவனுக்கு. கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கிட்டாங்க” என்றாள் என்னிடம். கண்ணைத் துடைக்கவில்லை, மேசையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தம்பி வாசலில் வந்து நின்றான். “அக்கா, போலாமா?”

அவள் எழுந்து அவன் தோளிலிருந்த பையைப் பிடித்தாள்.

“நானே எடுத்துக்கறேன்க்கா.”

“குடுடா.”

“வேணாம், விடு.”

இரண்டு பக்கமும் இழுத்தார்கள். சும்மா விளையாட்டு இழுப்பு இல்லை. கடைசியில் பை அக்காவிடம்தான் போனது. அவள் முன்னால் நடந்தாள், அவன் பின்னால்.

சில மாதங்கள் கழித்து அந்த டீச்சர் நூலகத்துக்கு வந்தார். அக்கா அன்று விடுப்பு. டீச்சர் தன் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து, நாயின் மூக்குமேல் இருந்த குமிழை விரலால் தடவினார். எப்படியோ தைரியம் வந்து, “ஏன் டீச்சர் நாய்க்குட்டி?” என்று கேட்டுவிட்டேன்.

முதலில் எழுதியதில் அக்காதான் இருந்தாளாம். அச்சுக்குக் கொடுக்கும் முன் டீச்சர் அதைத் தம்பிக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். அவன் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறான். “எல்லாரும் அவளைத்தான் சொல்றாங்க டீச்சர், எவ்வளவு நல்ல அக்கான்னு. அவளுக்கு ஓடவும் தெரியுது. ஒரு புக்குலயாவது நான் மட்டும் இருக்கேனே.”

“அப்ப பையை யாருடா தூக்குவா?” என்று டீச்சர் கேட்டாராம்.

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்துவிட்டுச் சொன்னானாம்: “ஒரு நாய்க்குட்டி போடுங்க. நாயை யாரும் பாராட்ட மாட்டாங்க.”