சைமி உப்பைக் குறைத்த குளிர்காலம்

கோர்ப்பி வீட்டு ஆண்கள் ஐம்பது வயதைப் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் இதை யாரும் குரலைத் தாழ்த்திப் பேசுவதில்லை. இன்னார் வீட்டில் கிணறு ஆழம், இன்னார் வீட்டு நாய் கடிக்கும் என்பதுபோல் சொல்லிவிட்டுப் போவார்கள். வீட்டுப் பெரியவர் பால் கேனைத் தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருடைய தம்பி வெந்நீர் ஆவிக் குளியலுக்குப் போனவர் பலகையைவிட்டு எழுந்திருக்கவில்லை. மூத்த மகன் தௌனோ காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தான். தேடிப் போனபோது ஒரு மரத்தில் சாய்ந்து இளைப்பாறுகிறவன் மாதிரி இருந்தான். பக்கத்தில் அவனுடைய மோட்டார் ரம்பம் எண்ணெய் தீரும்வரை ஓடி நின்றிருந்தது.

மூன்று பேருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியிலுள்ள ஒரே பைன் மரத்தில்தான் கிளை வெட்டினார்கள். சவப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஒரு கிளையை அறுத்து, பட்டையைச் செதுக்கி, பெயரின் முதலெழுத்தையும் வருஷத்தையும் கீறுவார்கள். செத்தவன் வீட்டு ஞாபகத்தில் எழுந்து கிளம்பினாலும் அந்த மரம்வரைதான் வருவான். தன் குறியைப் பார்த்ததும், 'ஓ, நான்தான் போய்விட்டேனே' என்று திரும்பிவிடுவான். மற்ற வீடுகளில் இந்தப் பழக்கம் அப்போதே விட்டுப்போயிருந்தது. கோர்ப்பி வீட்டில் விடவில்லை.

சைமி அந்த வீட்டு இரண்டாவது மகன் ஹெய்மோவின் மனைவி. ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். உரத்துச் சிரிப்பாள், மாடுகளோடு பேசுவாள். இர்யா என்று எட்டு வயதில் ஒரு பெண். முற்றத்துக்கு அந்தப் பக்கம், சின்ன வீட்டில், தௌனோவின் விதவை வியேனோ தனியாக இருந்தாள். அடுத்த பண்ணை எங்களுடையது. நானும் சைமியும் ஒரே வண்டியில் பாலை ஏற்றி அனுப்புகிறவர்கள். இதில் பாதி நான் கண்டது, மீதி அவள் சொன்னது.

எழுபதுகளின் தொடக்கம் அது. செப்டம்பரில் சைமி புளிப்புப் பழம் பொறுக்கக் காட்டுக்குப் போனாள். கூடையோடு திரும்பும்போது அந்தப் பைன் மரத்தடியில் நின்றுவிட்டாள். நாலாவதாக ஒரு கிளை அறுபட்டிருந்தது. வெட்டுவாய் வெள்ளையாக இருந்தது, பிசின் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. கீழே பட்டையும் செதுக்கியிருந்தது. எழுத்து மட்டும் இல்லை.

ஊரில் அந்த மாதம் யாரும் சாகவில்லை. அந்த மரம் வேறு எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை. கோர்ப்பி வீட்டில் மிச்சமிருந்த ஆண் ஹெய்மோ ஒருவன்தான்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பழத்தைக் கொட்டிச் சுத்தம் செய்தாள். ஹெய்மோ உள்ளே வந்து, ரொட்டியில் விரல் தடிமனுக்கு வெண்ணெய் தடவி, அதன்மேல் உப்பும் தூவிச் சாப்பிட்டான். அவன் மெல்லுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி, புதுசா பாக்கற மாதிரி பாக்கற?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நர்ஸ் வந்து பெண்களைக் கூட்டிப் பேசியிருந்தாள். நம் பக்கத்து ஆண்களுக்கு இதயம் இவ்வளவு சீக்கிரம் நின்றுபோவதற்கு வெண்ணெயும் உப்பும் பன்றிக் கொழுப்பும் புகையும் காரணம் என்றாள். வெளியே நின்ற ஆண்கள், "அப்ப பாதிரியாருக்கு வேலை போயிடும்" என்று சிரித்தார்கள். சைமியும் அன்றைக்குச் சிரித்தவள்தான்.

ஒரே நாளில் வெண்ணெயை மறைத்து வைத்தால் ஹெய்மோ கடைக்குப் போய் வாங்கிவருவான் என்று அவளுக்குத் தெரியும். பத்தியம் என்ற சொல்லைக் கேட்டாலே தட்டைத் தள்ளிவிடுவான். ஆனால் அவள் கன்றுகளை வளர்த்தவள். பாலை ஒரேயடியாக நிறுத்தினால் கன்று கத்தித் தீர்க்கும். தினம் ஒரு கை தண்ணீர் கூட்டினால், பால் போனதே அதற்குத் தெரியாது.

அப்படித்தான் ஆரம்பித்தாள். ரொட்டி மாவில் உப்பை ஒரு சிட்டிகை குறைத்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் இன்னொரு சிட்டிகை. மேசைக்கு வருகிற பாலில் ஏடு கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. அடுப்பில் நெடுநேரம் வேகிற கறிச் சட்டியில் பன்றித் துண்டுகள் குறைய, அந்த இடத்தில் டர்னிப் கிழங்கும் காரட்டும் வந்து உட்கார்ந்தன. வெண்ணெயில் பொரித்த ஏரி மீனை அடுப்பில் சுட்டு வைத்தாள். கஞ்சியின் நடுவே குழி பறித்து வெண்ணெய் போட்டுவந்த இடத்தில் பழத்தை மசித்து ஊற்றினாள். இர்யாவுக்கு அது பிடித்துப்போயிற்று. தனிச் சட்டி கிடையாது. எல்லாருக்கும் ஒரே சட்டி.

முதல் பனி விழுந்த வாரத்தில் அந்தச் சத்தம் தொடங்கியது.

எங்கள் பக்கம் குளிர்காலத்தில் மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் காயும் முன்னே இருட்டிவிடும். அந்த நேரத்தில் வாசற்படியில் யாரோ பூட்ஸைத் தட்டிப் பனியை உதிர்க்கிற சத்தம். இடது கால், வலது கால், மறுபடி இடது கால். தௌனோ அப்படித்தான் தட்டுவான். பிறகு கதவு திறக்க வேண்டும். திறக்காது. சைமி போய்த் திறந்தால் படியில் பனி கலையாமல் கிடக்கும்.

ஹெய்மோ மேசையில்தான் இருப்பான். அவன் கரண்டி மட்டும் ஒரு நொடி நிற்கும். பிறகு சாப்பிடுவான். கேட்டதா என்று அவளும் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஒரு நாள் இர்யா படம் வரைந்துகொண்டே கேட்டாள். "அம்மா, பெரியப்பா ஏன் உள்ள வராம வாசல்லயே நிக்கறாரு?"

"யாரும் நிக்கலம்மா."

"நிக்கறாரு. மோப்பம் பிடிக்கறாரு. நம்ம வீட்ல முன்ன மாதிரி வாசனை வரலையாம்."

சைமி எழுந்து விளக்கைத் தூண்டினாள். அன்றைக்கும் மறுநாளைக்கான மாவில் ஒரு சிட்டிகை உப்பைக் குறைத்தாள். பயம் இருந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை என்று சொன்னாள்.

கிறிஸ்துமஸ் தாண்டியதும் சத்தம் படியிலிருந்து விலகியது. கிணற்றடியில் கேட்டது. பிறகு மாட்டுக்கொட்டகைப் பக்கம். ஒரு சாயங்காலம் ஒன்றுமே கேட்கவில்லை. சைமி அன்றைக்கு மாடு கறக்கும்போது பாட்டு முணுமுணுத்தாள்.

அப்புறம்தான் இன்னொன்றைக் கவனித்தாள். ஹெய்மோ முனகுவதை நிறுத்திவிட்டான். அதற்கு முன்பெல்லாம், "இது என்ன முயல் தீனியா?" என்பான். "பன்றி எங்கடி, சட்டியைப் பாத்துட்டு ஓடிப்போச்சா?" என்பான். இப்போது இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "அண்ணிக்கு விறகு பிளந்து குடுத்துட்டு வர்றேன்" என்று எழுந்துவிடுகிறான். தினமும் விறகு பிளக்க வியேனோ வீட்டில் எத்தனை அடுப்பு இருக்கிறது?

சைமி சால்வையைப் போர்த்திக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். பாதி வழியிலேயே வாசனை வந்துவிட்டது. பன்றிக் கொழுப்பு இரும்புச் சட்டியில் உருகுகிற வாசனை, வெண்ணெய் சிவந்து வருகிற வாசனை. பழைய கோர்ப்பி வீட்டு வாசனை. ஜன்னலில் பார்த்தாள். மேசையில் மூன்று தட்டு. ஒன்றில் ஹெய்மோ குனிந்து தின்றுகொண்டிருந்தான். இன்னொன்றை வியேனோ தொடவே இல்லை, அடுப்படியில் நின்றாள். மூன்றாவது தட்டில் கறி குவிந்து, ஆவி பறந்து, எதிரே காலி நாற்காலி.

சைமி கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

"என்னக்கா இது?"

வியேனோ அடுப்பைவிட்டு நகரவில்லை. "கத்தாதடி. கத்துனா வரமாட்டாரு."

"யாரு?"

"உனக்குத் தெரியாதா? உன் வாசல்லதான முதல்ல வந்து நின்னாரு. நீ டர்னிப்பப் போட்டு வெரட்டுன. எனக்குக் கேட்டுச்சு, கிணத்தடில கேட்டுச்சு, கொட்டகைல கேட்டுச்சு. போறாரு, போறாருன்னு தெரிஞ்சுது. நான் சட்டிய வச்சேன். திரும்பி வந்துட்டாரு. என் வாசலுக்கு." அவள் முகம் கல்யாணப் பெண்ணின் முகம் மாதிரி இருந்தது. "மூணு வருஷமா இந்த வீட்ல நான் மட்டும் சாப்பிடறேன் சைமி. சுவத்தப் பாத்துச் சாப்பிடறேன்."

வைய வந்த சைமி அந்தக் காலி நாற்காலியையே பார்த்தாள்.

அப்போது வாசற்படியில் பூட்ஸ் தட்டும் சத்தம் கேட்டது. இடது, வலது, இடது. இந்த முறை மிக அருகில். கதவுப் பிடி மெல்ல அசைந்தது.

வியேனோ கையைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தாள். ஹெய்மோ கரண்டியைக் கீழே வைத்தான். முகத்தில் ரத்தமில்லை.

"அண்ணி, திறக்காதீங்க. அவன் உங்களுக்காக வரல." அவன் கை நெஞ்சைப் பிடித்திருந்தது. "என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் மரத்துக் குறியையும் தாண்டி வர்றான்."

"உளறாதய்யா" என்றாள் சைமி.

"உளறல. கோடைல வைக்கோல் போட்டப்பவே நெஞ்ச அடைச்சுது. ரெண்டு தடவ. உங்கிட்ட சொல்லல. அதான் நானே போய் மரத்துல கிளைய வெட்டிட்டு வந்தேன்."

"நீயா வெட்டுன?"

"பின்ன யாரு வெட்டுவா? எங்க வீட்ல வெட்ட இன்னொரு ஆம்பள ஏது?" தலை குனிந்தான். "செத்தப்புறம் வழி தெரியாம இங்க வந்து நின்னு இர்யாவ பயமுறுத்திடக் கூடாதுன்னுதான். எழுத்து மட்டும் கீற மனசு வரல."

வியேனோ அசையாமல் நின்றாள். சட்டியில் கொழுப்பு கருகத் தொடங்கி, அறை முழுவதும் புகை. சைமி போய்ச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கினாள். கதவை முழங்கையால் தள்ளித் திறந்தாள். படியில் யாருமில்லை. பனி கலையவில்லை. ஆனால் குளிர் ஒரு ஆள் உயரத்துக்கு நின்றது, வெளியே இருந்த குளிரைவிடக் கடுமையாக, புகையிலை வாசனையோடு. அவள் அதற்கு நேரே நின்றாள்.

"மச்சான்," என்றாள், "இங்க உங்களுக்கு இனிமே சட்டி வைக்க மாட்டோம். தப்பா நினைக்காதீங்க. உயிரோட இருக்கறவங்களுக்குத்தான் வைக்கணும்."

சட்டியைப் பனியில் கவிழ்த்தாள். உஸ்ஸென்று ஆவி எழுந்து அடங்கியது. அதோடு அந்தக் குளிரும் விலகியது. கிணற்றுப் பக்கம், வேலிப் பக்கம், பாதையில் என்று காலடி மெத்து மெத்தென்று போனதை மூன்று பேரும் கேட்டார்கள். வியேனோ வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தௌனோவைப் புதைத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

சைமி அவளைத் தூக்கினாள். "எந்திரிக்கா. எங்க வீட்டுச் சட்டில கறி இருக்கு. நாலு தட்டு வைக்கறேன்."

"டர்னிப்பா?"

"டர்னிப்தான்."

"த்தூ" என்றாள் வியேனோ, அழுகைக்கு நடுவே. ஆனால் வந்தாள். அன்றிலிருந்து தினமும் வந்தாள்.

அந்த வாரமே ஹெய்மோவை சைமி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மாத்திரை கொடுத்தார்கள், புகையை விடச் சொன்னார்கள். சாப்பாட்டில் என்ன மாற்றலாம் என்று டாக்டர் தொடங்கியபோது, "அதுல பாதி தூரம் வந்துட்டோம், மீதியும் வந்துடுவோம், அவசரப்படுத்தாதீங்க" என்றாளாம் சைமி. வீட்டுக்கு வந்து வழக்கம்போல் ஒவ்வொரு சிட்டிகையாகத்தான் குறைத்தாள். இப்போது மறைத்துச் செய்யவில்லை, அவ்வளவுதான். வியேனோ காரட் நறுக்கினாள். அடுத்த கோடையில் ஹெய்மோவே கொட்டகைக்குப் பின்னால் முட்டைக்கோஸ் பாத்தி போட்டான், யாரும் கேட்காமல். ஒரு கல்யாண விருந்தில் பழைய மாதிரிக் கறியை வாயில் வைத்தவன், "யாருய்யா சமைச்சது, உப்பு மூட்டை அவுந்து விழுந்துடுச்சா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தான்.

ஆனால் தௌனோ செத்த வயதை ஹெய்மோ தாண்டிய வருஷம் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அப்பாவின் வயதைத் தாண்டிய வருஷம் சைமி மெலிந்துபோனாள். அவன் கொட்டகையில் கொஞ்சம் தாமதித்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். இருமும் சத்தம் கேட்டதும் ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வருவாள். காலடிச் சத்தம் கேட்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். "காத்துதான்" என்றாள்.

ஐம்பதாவது பிறந்தநாள் வந்தது. எங்கள் பக்கம் அதைப் பெரிதாகக் கொண்டாடுவோம். கோர்ப்பி வீட்டுக்காரர்களுக்கு அதை எப்படிச் செய்வதென்றே தெரியவில்லை, அந்த வீட்டில் நடந்ததில்லையே. ஊரே திரண்டு போனோம். உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. ஹெய்மோ வெள்ளைச் சட்டையில், ஜன்னலுக்கு முன்னால் நின்றிருந்தான். பின்னால் பனி வெளிச்சம். முகம் தெரியவில்லை. அப்பாவின் தோள், தௌனோவின் கழுத்து, அப்படியே. வரிசையாகப் போய் ஒவ்வொருவராக அவன் கையைப் பிடித்துப் பார்த்தோம். சூடாக இருக்கிறதா என்றுதான் எல்லாரும் பார்த்தோம் என்பது எனக்கு நிச்சயம். நானும் அதற்குத்தான் பிடித்தேன். சூடாகத்தான் இருந்தது.

கடைசியில் அவனுக்கே பொறுக்கவில்லை.

"என்ன எல்லாரும் பேயப் பாத்த மாதிரி நிக்கறீங்க? கதவச் சாத்துங்க, குளிருது. அண்ணி, அந்த மீனைக் கொண்டாங்க. பசிக்குது."

வியேனோ மீன் தட்டோடு வந்தாள். சைமி ரொட்டியை அறுக்கத் தொடங்கினாள். ஒவ்வொருவராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம்.