இறக்கைக்காரி கேட்ட மேடு

“வெள்ளிக் காசு. ஒரு பக்கம் இறக்கை முளைத்த பெண். ஞாயிறு வந்தால் பார்க்கலாம், அன்று கால்பந்து இறுதியாட்டம்.” 1976-இல், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்த நண்பர் எழுதிய கடிதம். பழங்காசு என்றால் எனக்குச் சோறு வேண்டாம்.

ஞாயிறு பிற்பகல் ஈப்போவில் பேருந்து ஏறினேன். பதினெட்டு மைல். அங்கிருந்து தோட்டத்து லாரி ஒன்று திடலோரம் இறக்கிவிட்டது. திடல் ஒரு பக்கம் நன்றாகச் சரிந்திருந்தது.

தோட்டத்துக் கால்பந்துக் குழுத் தலைவர் சுப்பையா, ரப்பர் மரம் சீவிப் பால் எடுப்பவர், காலுறைக்குள்ளிருந்து காசை எடுத்தார். பாட்டனார் கரூர்ப் பக்கமிருந்து அரைஞாணில் கட்டி வந்ததாம். எந்தப் பக்கம் ஆடுவது என்று சுண்டிப் பார்ப்பது இதை வைத்துத்தான். இவர்கள் எப்போதும் கேட்பது இறக்கை.

உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். ஐயமில்லை. ரோமாபுரியின் வெற்றித் தேவதை, கையில் இலைமாலையோடு நடந்துவருகிறாள். மறுபக்கத் தலை தேய்ந்திருந்தது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மூத்தது என்றேன்.

சுப்பையாவின் அக்கா அஞ்சலை பாய்ந்து காசைப் பிடுங்கினார். “இதையாடா சேத்துல தூக்கிப் போடுறே?” முந்தானையில் முடிந்துகொண்டார்.

“அண்ணே, ஆட்டம் முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கக் கூடாதா?” சுப்பையா என்னை முறைத்தார். மூன்று இறுதியாட்டம் தோற்றவர். இன்றும் தோற்றால் தலைவர் பதவி போய்விடும்.

மூன்று முறையும் வென்ற பக்கத்துத் தோட்டத்துக் குழுத் தலைவர் சிரித்தார். “பத்து சென் காசு போடலாம், மச்சான். ஒங்க இறக்கைக்காரி பயந்துட்டா லா!”

அஞ்சலைக்குச் சுருக்கென்றது. “யாருடா பயந்தது?” முந்தானையை அவிழ்த்தபடி திடல் நடுவுக்கே போனார். நடுவர் தடுக்கவில்லை. சுண்டினார், தம் உள்ளங்கையிலேயே ஏந்தினார். இறக்கை!

சுப்பையா மேட்டுப் பக்கம் கேட்டார். சரிவில் உருண்ட பந்து முற்பாதியிலேயே ஒரு கோல் தந்தது. இடைவேளையில் மழை கொட்டியது. பிற்பாதியில் எதிரணிக்கு மேடு கிடைத்தும் பயனில்லை. அடித்த பந்தெல்லாம் பள்ளத்துக் கோல் முன் தேங்கிய நீரில் நின்றுபோனது. ஒன்றுக்குச் சுழி! தகரக் கூரைகளில் தட்டி ஊரே ஆர்ப்பரித்தது. சேறு சொட்டிய பதினொருவரும் அஞ்சலையைத் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றினர். “இறக்குங்கடா, சீலையெல்லாம் சேறு!” என்று திட்டிக்கொண்டே அவர் காசை உயர்த்திக் காட்டினார்.

புறப்படும்போது, பழங்காசு அறிந்தவர்களிடம் காட்ட ஒரு மாதம் இரவல் கேட்டேன்.

“இவ போயிட்டுத் திரும்பாட்டி, அடுத்த வருசக் கோப்பைக்கு யாரு வருவா? அதெல்லாம் முடியாது லா, அண்ணே” என்றார் சுப்பையா.

ஆகவே, அந்தத் தேய்ந்த தலை எந்தப் பேரரசனுடையது என்பதை நான் இன்னும் உறுதிசெய்யவில்லை.