கடைசி பெஞ்சில் தூக்காத கை

தந்தி வந்தது புதன்கிழமை காலையில். ஹபீபுல்லா சார் காலமானார், இன்று அடக்கம் என்று இரண்டே சேதி. பழனியிலிருந்து அவருடைய அண்ணன் மகன் கொடுத்திருந்தார். குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன். முந்தின நாள் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்திருந்தது. கீழே இறங்குகிற பஸ் ஒன்றுகூடக் கிளம்பவில்லை. "நாளைக்கு வெள்ளனே வாங்கம்மா, பாதை தெறந்தா மொத வண்டியில ஏத்திவிடுறேன்" என்றார் கண்டக்டர். நாளைக்குப் போய் என்ன செய்ய? அவர்கள் வழக்கப்படி சாயங்காலத்துக்குள் மண் போட்டுவிடுவார்கள். அங்கேயே நின்று அழுதேன். துக்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியதும் தலைமையாசிரியர் இரங்கல் தீர்மானத்தை எழுதிக் கொடுத்து, "வெரசா அடிச்சுக் குடுங்கம்மா" என்றார். நான் இந்தப் பள்ளியின் டைப்பிஸ்ட். கொடுத்ததை அடிப்பதுதான் என் சோலி. அதில் ஒரு வரி இப்படி இருந்தது: 'குரல் தளர்ந்த காரணத்தால் தேர்வு வாசிப்பாளர் பொறுப்பிலிருந்து விலகி, சொந்த ஊரில் ஓய்வாக வாழ்ந்து வந்தார்.' விரல் நின்றது. ஆனாலும் அடித்தேன். அறிவிப்புப் பலகையில் அதைப் படித்துவிட்டு, "ஆமாம், பாவம், கடைசியில் குரல் போய்விட்டது" என்று சொல்லிக்கொண்டு போனீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் குரலை உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பழனி அடிவாரத்தில் அவர் வீட்டாருக்குப் பாத்திரக்கடை. தைப்பூசக் கூட்டத்தில் கடை வாசலில் நின்று ஆள் கூப்பிட்டுத் திறந்த தொண்டை அது. இங்கிலீஷ் படித்து வாத்தியாரான பிறகும் அந்தக் கடைவாசல் அவர் தொண்டையை விட்டுப் போகவில்லை. "வாசிக்கிறாரா, தவலை விக்கிறாரா?" என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். அவருக்குக் கோபமே வராது. "தவலை வித்தவனுக்குத்தான் தெரியும், எட்டாத கொரலுக்கு ஏவாரம் கெடயாது" என்பார். பனங்கற்கண்டு போட்ட வெந்நீர் ஒரு கூஜா நிறைய எப்போதும் பக்கத்தில் இருக்கும். என்னைக் கேலி செய்வதில் மட்டும் குறை வைக்கமாட்டார். நகல் எடுக்க நான் அடிக்கிற ஸ்டென்சிலில் ஓர் எழுத்து பிசகினால் போதும், "கமலம்மா, கன்னிவாடிச் சந்தையில கத்திரிக்கா பொறுக்குற அவசரமா?" என்று ஆரம்பித்துவிடுவார். நான் கன்னிவாடிக்காரி. நானும் சும்மா இருக்கமாட்டேன். வாரத்துக்கு ஒரு சண்டையாவது எங்களுக்குள் உண்டு.

சீனாவோடு எல்லைச் சண்டை நடந்ததற்கு மறுவருஷம் எங்கள் விடுதியில் ஆறு சீனப் பிள்ளைகள் இருந்தார்கள். கல்கத்தாவில் பல் கட்டுகிற, தோல் பதனிடுகிற குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அங்கே சீன மொழியிலேயே பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு, இங்கிலீஷ் கற்றுக்கொண்டு கடல் கடந்து மேற்படிப்புக்குப் போவதற்காக, சண்டைக்கு முன்பே மலை ஏறியவர்கள். சண்டை வந்தபின் சட்டம் மாறிவிட்டது. எழுத்துமூலம் அனுமதி இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. திங்கட்கிழமைதோறும் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும். கல்கத்தாவிலிருந்து கடிதம் வருவதும் குறைந்தது. சிலருடைய அப்பா அம்மா எங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் ஊர் எல்லையில், கீழே பஸ் இறங்குகிற வளைவு வரை நடந்து போவார்கள். பஸ் கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள்.

அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு வழி. சென்னையில் இருந்த ஒரு தேர்வுக் கமிட்டி இங்கிலீஷில் அவர்களுடைய தேர்ச்சிக்குச் சான்று தந்தால், வெளிநாட்டுக் கல்லூரி இடம் தரும். இடம் கிடைத்த கடிதத்தைக் காட்டினால் வெளியேற அனுமதி கிடைக்கும். பரீட்சை இரண்டு பகுதி. ஒன்று, தாளில் உள்ளதைப் படித்துப் பதில் எழுதுவது. மற்றது, வாசிக்கக் கேட்டுப் பதில் எழுதுவது. பரீட்சையை நாங்களே நடத்தி, விடைத்தாளை மட்டும் அனுப்பினால் போதும். கேள்வி தயாரிப்பதும் வாசிப்பதும் ஹபீபுல்லா சார் பொறுப்பு.

பழைய மாதிரித் தாள்களைப் பார்த்து அவருக்கு எரிச்சல் வந்தது. பனி மூடிய லண்டன் தெருவையும் துரைமார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையையும் பற்றிக் கேள்வி கேட்டால் இந்தப் பிள்ளைகள் எப்படி எழுதும்? "இங்கிலீஷ் தெரியுதான்னு பாக்கச் சொன்னா, லண்டன் தெரியுதான்னு பாக்குறானுங்க" என்றார். அவரே ஒரு பத்தி எழுதினார். ஒரு பெண் ரயில் மாறுவதற்காக ஜங்ஷனில் இறங்குகிறாள். எந்தப் பிளாட்பாரம், எத்தனை மணி, கூட யார், கையில் என்ன என்று பத்துக் கேள்விகள். அதை நான்தான் அடித்தேன். நாலு தடவை திருத்தினார், நாலு தடவையும் ஸ்டென்சில் வெட்டினேன். கடைசியில் அந்தப் பெண்ணை எனக்கு என் சித்தி மகளைவிட நன்றாகத் தெரிந்துவிட்டது.

விதிப்படி பத்தியை இரண்டே முறைதான் வாசிக்கலாம். கடைசி பெஞ்சில் இன்னொரு கண்காணிப்பாளர் உட்கார்ந்திருப்பார். குரல் எட்டவில்லை என்றால் அவர் கையைத் தூக்கவேண்டும். தூக்கினால் வாசிப்பை நிறுத்தி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். முடிந்தபின், 'குரல் கடைசி வரிசை வரை தெளிவாக எட்டியது' என்ற தாளில் இருவரும் கையெழுத்திடவேண்டும். அன்று இரண்டு ஆசிரியர்களுக்குக் காய்ச்சல். தலைமையாசிரியர் என்னை அனுப்பினார். தாள் அடித்தவள் கண்காணிக்கக் கூடாது என்பது விதி. அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆள் இல்லையே, என்ன செய்ய?

பரீட்சை நடந்த கூடத்துக்குத் தகரக் கூரை. சார் ஆரம்பித்துச் சில வரிகள்தான் ஆகியிருக்கும், மழை பிடித்துக்கொண்டது. அவர் நிறுத்தி, ஆறு பேரையும் பார்த்து, "கேட்கிறதா?" என்று இங்கிலீஷில் உரக்கக் கேட்டார். ஆறு தலையும் ஆடின. என்னைப் பார்த்தார். எனக்கு எல்லாம் கேட்டது. அந்தப் பெண் பெட்டியைத் தூக்கியது, கூலியாளைக் கூப்பிட்டது, மணியைப் பார்த்தது, எல்லாம். சரி என்று தலையசைத்தேன். அவர் வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். மழை விடவேயில்லை. இருவரும் கையெழுத்திட்டோம்.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. படித்து எழுதும் பகுதியில் ஆறு பேருக்கும் நல்ல மதிப்பெண். கேட்டு எழுதும் பகுதியில் ஆறு பேரும் தோல்வி. தலைமையாசிரியர், "காது பழகலை, அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். இன்னொரு வருஷம் என்றால், இன்னும் ஐம்பத்திரண்டு திங்கட்கிழமை.

சார் மட்டும் விடைத்தாள் நகல்களை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "இங்க பாருங்கம்மா. மொத மூணு கேள்வி ஆறு பேருக்கும் சரி. நாலாவது கேள்வியிலேருந்து அத்தனையும் ஆறு பேருக்கும் தப்பு. அங்கதான மழை புடிச்சுது. ஆறு பேருக்கும் ஒரே நிமிஷத்துலயா காது அடைக்கும்?"

பிள்ளைகளில் மெய்லான் என்ற பெண்ணை வரவழைத்தார். கெட்டிக்காரி. சமையல்கட்டில் நின்று நின்றே தமிழ் பேசக் கற்றுக்கொண்டவள். "மழையில கேக்கலைன்னா ஏம்மா தலையாட்டுன?" என்று கேட்டார். அவள் குனிந்தபடியே சொன்னாள்: "வாத்தியார் கேக்குதான்னு கேட்டா, கேக்கலன்னு சொல்றது மருவாதி இல்ல சார். வாத்தியார் கொரல் சரியில்லன்னு சொன்ன மாரி ஆயிரும்."

அவர் விடைத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அப்புறம் என்னைப் பார்த்து, "உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றார். "சத்தியமாக் கேட்டுச்சு சார்" என்றேன். பொய் சொல்லவில்லை. நான் அப்படித்தான் நம்பினேன்.

இரண்டு நாள் கழித்து அதே மாதிரி மழை. சார் நனைந்துகொண்டே ஆபீசுக்கு வந்து, "கமலம்மா, வாங்க" என்று கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார். அன்றைய பேப்பரை எடுத்து, முன்னால் நின்று, அதே குரலில் வாசித்தார். அவர் வாய் திறப்பதும் மூடுவதும் தெரிந்தது. கூரையில் கொட்டுகிற மழையைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. ஒரு சொல், ஒரே ஒரு சொல்கூட இல்லை. வாசித்து முடித்துவிட்டு என்னிடம் வந்து, "என்ன சேதி வாசிச்சேன்?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. பரீட்சையன்று என் காதில் விழுந்தது அவர் குரல் அல்ல. நாலு தடவை நான் அடித்த ஸ்டென்சில். அவர் வாயசைவைப் பார்த்து, தெரிந்ததையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னை நம்பியதில் போனது ஆறு பிள்ளைகளின் ஒரு வருஷம்.

"நான் எழுதிடுறேன் சார், தப்பு என்னுதுன்னு" என்றேன்.

"எழுதுனா என்னாகும்? தாள் அடிச்சவங்களே கண்காணிச்சாங்கன்னு தெரிஞ்சா இங்க பரீட்சை நடத்துற உரிமையவே எடுத்துருவாங்க. மழைன்னு எழுதுனாலும் கடைசி பெஞ்சுல யாருன்னு தோண்டுவாங்க. இந்தப் புள்ளைங்க எறங்கிப் போயா இன்னொரு ஊருல எழுதும்? வளைவு தாண்ட முடியாதவங்களுக்கு மறுபரீட்சை இங்கதான் நடக்கணும்." என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தப்பு எனக்கும் உண்டு. வாசிக்கிறவனுக்கு எல்லாம் கேக்கும். கேக்குறவனுக்குக் கேக்குதான்னு பாக்குறதுதாம்மா பரீட்சை. அதுல நாந்தான் பெயிலு."

மறுநாள் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்தார். 'என் குரல் தளர்ந்துவிட்டது. கடைசி வரிசைக்கு எட்டவில்லை. மாணவர்கள் மேல் குற்றமில்லை.' அதையும் நான்தான் அடித்தேன். மறுபரீட்சைக்கு அனுமதி கிடைத்தது. இனி எந்தத் தேர்விலும் ஹபீபுல்லா வாசிக்கக் கூடாது என்ற உத்தரவும் அதே உறையில் இருந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெந்நீர் குடித்தார்.

மறுபரீட்சைக்கு முன் அவர் அந்தப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரவில்லை. ஒரு சிறு காரியத்தை மட்டும் பழக்கினார். தினமும் வேண்டுமென்றே முணுமுணுவென்று வாசிப்பார். யாராவது கை தூக்கி "கேட்கவில்லை" என்று சொல்லும்வரை நிறுத்தமாட்டார். முதல் வாரம் ஒரு கையும் எழவில்லை. ஒருநாள் ஒருமணி நேரம் முணுமுணுத்திருக்கிறார். "மருவாதிய மூட்டை கட்டி வையுங்க. புரியலைன்னு சொல்ற புள்ள பாதி பாஸு" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் மாறிமாறிச் சொல்வார்.

மறுபரீட்சைக்குச் சென்னையிலிருந்து ஒருவர் வந்து வாசித்தார். நடுவில் தூறல் விழுந்தது. மெய்லான் எழுந்து நின்று கையைத் தூக்கினாள். மழை நிற்கும்வரை காத்திருந்து முதலிலிருந்து வாசித்தார்கள். ஆறு பேரும் தேறினார்கள். ஆனால் அதற்குள் இரண்டு பேருடைய கல்லூரி இடம் கைமாறிப் போயிருந்தது. அதில் ஒருத்தி மெய்லான். நாலு பேர் போனபிறகு அந்த இருவரும் இன்னொரு வருஷம் இந்த மலையில் கிடந்தார்கள்.

அவளுக்கும் ஒருவழியாக அனுமதி வந்தது. பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, அன்னிக்கு மழையில நான் திரும்பி உங்களப் பாத்தேன். நீங்க தலையாட்டிக்கிட்டே கேட்டீங்க. அக்காவுக்குக் கேக்குது, எனக்குத்தான் காது சரியில்லன்னு நெனச்சேன்." குற்றமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பஸ் வளைவில் மறைந்தது. அன்றைக்காவது உண்மையை ஊரறியச் சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள்; மறைக்கக் காரணம் ஒன்றும் பாக்கி இல்லை. என் வேலையைத் தவிர.

அதற்குள் சார் பழனிக்குப் போய்விட்டார். வாசிக்க முடியாத வாத்தியாருக்கு இங்கே என்ன சோலி என்றார். போன தைப்பூசத்தன்று கடைக்குப் போய்ப் பார்த்தேன். கூட்டம் அலைமோதியது. அவர் வாசலில் நின்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தெருக்கோடியிலேயே எனக்குக் கேட்டது. "சார், ஊர்ல எல்லாரும் உங்களுக்குக் கொரல் போச்சுன்னு நம்பிக்கிட்டு இருக்காங்க. நான் சொல்லிடுறேன்" என்றேன். "அட, தவலை வாங்க வந்தீகளா, வம்பு வாங்க வந்தீகளா?" என்று சிரித்து, காப்பி வரவழைத்தார். அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை. நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு காப்பியைக் குடித்துவிட்டு மலை ஏறிவிட்டேன். அதுதான் கடைசி.

அவர் நினைவாக என்னிடம் கூஜாவோ புத்தகமோ இல்லை. மழையில் அவர் வாசித்த பேப்பரை மட்டும் வைத்திருக்கிறேன். அவர் வாசித்த சேதியை இதுவரை நான் படித்ததில்லை. படித்துவிட்டால், அன்று கேட்டதாக என் காது மறுபடியும் சொல்ல ஆரம்பித்துவிடும்.

அவரை அறிந்தவர்களே, அவர் குரல் தளரவில்லை. அந்தப் பொய்யை இரண்டு தடவை டைப் அடித்தவள் நான். இதைக் கையால் எழுதுகிறேன். அன்று கடைசி பெஞ்சில் இருந்தவளும் நான்தான். எனக்குக் கேட்கவில்லை சார். கையைத் தூக்குகிறேன்.