இறங்கட்டுமா, இறங்குறோம்

இன்று காலை திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு வரும் பேருந்தில் என் பக்கத்தில் கன்னியம்மா. அரிசி ஆலையில் கொத்தடிமையாக இருந்து மீண்டவர். இப்போது மற்றவர்களை மீட்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார்.

முன் இருக்கையில் அவர் மீட்க முயலும் கொத்தடிமைகளான ஏழுமலையும் மனைவி செல்வியும். இன்று அவர்களுக்கு கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரணை. ஆலை முதலாளியும் வருவாராம். அவர் எதிரிலேயே "திரும்பிப் போக மாட்டோம்" என்று சொன்னால்தான் விடுதலை.

ஏழுமலை எழுந்து கண்டக்டரிடம் போனார்.

"சார், அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கட்டுமா?"

"இன்னா நைனா, டிக்கெட்டும் வாங்கிகினு பர்மிஷன் வேற கேக்குற?"

பேருந்தே சிரித்தது. கன்னியம்மா சிரிக்கவில்லை.

"ஆலையில கக்கூசுக்குப் போறதுன்னாலும் 'போவட்டுமா'ன்னு கேக்கணும்மா. அதே பழக்கத்துல ஆர்.டி.ஓ. ஆபீசுலயும் 'போவட்டுமா சார்'னு கேட்டான்னு வை, மொதலாளி 'வேணாம், வா'ன்னுடுவாரு. இவனும் பின்னாலயே போயிடுவான்" என்றார் என்னிடம்.

பிறகு ஏழுமலையைப் பார்த்து, "டேய், கேக்காத. சொல்லு!"

"எறங்குறேன்க்கா."

"எங்கிட்ட இன்னாத்துக்கு? அவராண்ட சொல்லு."

ஆர்.டி.ஓ. அலுவலக நிறுத்தம் வந்துவிட்டது. ஏழுமலை வாய் திறப்பதற்குள் செல்வி எழுந்து கண்டக்டரின் காதருகே கத்தினார்: "நாங்க எறங்குறோம்!"

கண்டக்டர் காதைத் தேய்த்துக்கொண்டார். "எறங்கு தாயே! ஆபீசுக்குள்ளயும் நீயே பேசு."

மூவரும் இறங்கிவிட்டார்கள்; நான் மேலே போனேன். விசாரணை என்ன ஆயிற்று என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். சொல்லட்டுமா என்று கேட்க வேண்டாம்.