கிழக்குச் சுவரில் மஞ்சள் சதுரம்

பிள்ளையில்லாத சித்தப்பா காலமானதிலிருந்து பிள்ளையார்பாளையத்து வீடு பூட்டியே கிடந்தது. முன்பக்கம் குடியிருப்பு, பின்பக்கம் பட்டுநூலுக்குச் சாயம் போட்ட பட்டறை. ஓட்டில் அரசஞ்செடி முளைத்து, உள்ளே வௌவால் குடியேறிவிட்டது. அதைத்தான் என் மகள், பட்டுச்சேலை எடுக்க வருகிறவர்கள் உட்கார்ந்து பார்க்கிற கூடமாக மாற்றக் கிளம்பினாள். தேக்குத் தூண்களைத் தேய்த்து எண்ணெய் பூசினாள். சாயம் காய்ச்சின செப்பு அண்டாவைக் கவிழ்த்து மேசையாக்கினாள். எனக்குப் பெருமைதான்.

பட்டறையின் கிழக்குச் சுவரில் ஒட்டடை அடித்தபோது ஒரு மஞ்சள் சதுரம் தெரிந்தது. நடுவில் அரக்குச் சிவப்பில் மூன்று பொட்டு. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சித்தி சுமங்கலியாகப் போனவள். அப்படிப் போனவளைப் பூவாடைக்காரி என்று, சுவரில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். இத்தனை வருஷம் விளக்கில்லாமல் நின்றிருக்கிறாளே என்று அன்றே அழுதுகொண்டே விளக்கேற்றினேன். வெள்ளிக்கிழமைதோறும் அதன் மேலேயே மஞ்சள் குழைத்துப் பூசிக் கும்பிட்டேன்.

மகளோ அந்தச் சுவரை உடைத்துத்தான் ஜன்னல் வைக்கணும் என்றாள். "டியூப் லைட்டுல அரக்கு கருப்பாத் தெரியும்பா. வெளிச்சம் இல்லன்னா யாரு வந்து சேலை எடுப்பாங்க?"

"உன் சின்ன ஆயா நெத்தியில கடப்பாரை போடச் சொல்றியா?"

அவள் கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். கூடம் முடிந்தும் இருட்டாகவே இருந்தது. வந்த இரண்டு மூன்று பேரும் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி நிறம் பார்த்தார்கள், எடுக்காமல் போனார்கள்.

ஆறாவது வெள்ளிக்கிழமை நான் சூடம் காட்டிக்கொண்டிருந்தபோது, சித்தப்பாவிடம் வேலை பார்த்த பழைய சாயக்காரர் கூடத்தைப் பார்க்க வந்தார்.

"இன்னா தம்பி, சாயக் கறைக்கு சூடம் காட்டிக்கினு இருக்குற?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் தறிக்காரன், சாயப்பட்டறைப் பக்கம் வந்ததில்லை.

"பதம் வந்துச்சான்னு செவுத்துலதான் பூசிப் பார்ப்போம். மஞ்சளு உங்க சித்தப்பா கை. சதுரமாத்தான் பூசுவாரு, சுத்தமான மனுசன். அந்த மூணு பொட்டு என்னுது."

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "அப்போ அஞ்சு வாரமா இவரு பொட்டுக்கா நான் சர்க்கரைப் பொங்கல் வெச்சேன்?"

மகள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் நான் அழுதது பொய்யா? அந்த ஐந்து வாரத்தில் என் முழங்கால் வலி குறைந்ததே, அதைக் கொடுத்தது யார்? யோசிக்க யோசிக்க நூல் சிக்கல் மாதிரி இறுகியது. கடைசியில் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தால் உடைக்கலாம், சிவப்பு வந்தால் விட்டுவிடணும். குருக்கள் எடுத்துக் கொடுத்த பொட்டலத்தில் வெள்ளை இருந்தது. நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. உத்தரவு சாமி கொடுத்ததா, பேத்திக்காக சித்தி கேட்டு வாங்கிக் கொடுத்ததா?

முதல் செங்கல்லை நானே பெயர்த்தேன். இப்போது காலையில் அந்த ஜன்னல் வழியாக வெயில் வந்து அண்டா மேல் விழுகிறது. அரக்கு அரக்காகவே தெரிகிறது. சேலை போகிறது.

ஜன்னல் வைத்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வழக்கம்போல வந்துவிட்டேன். பூசச் சுவர் இல்லை. கிண்ணத்தோடு அப்படியே நின்றேன். யாருக்கென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மகள் கேட்கவில்லை. ஜன்னல் கட்டையில் அடுக்கியிருந்த சேலைகளை ஒருபக்கமாக நகர்த்தி, மஞ்சள் பூச என் கைக்குக் கொஞ்சம் இடம் விட்டாள்.