போனஸில் பிடித்த வரி

என் கணவர் லிந்துலைக்கு அருகே ஒரு தோட்டத்தில் டீமேக்கராக இருந்தார். தேயிலைத் தொழிற்சாலை முழுவதும் அவர் பொறுப்பில்தான். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை.

அந்த வருடம் மழை தொடங்கியதும் படியேறினால் அவருக்கு நெஞ்சை அடைத்தது. நுவரெலியாவில் பார்த்த டாக்டர், கண்டிக்குப் போய் இருதயக் குழாய்களைப் படமெடுத்துப் பார்க்கச் சொன்னார். அரசாங்க ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தீபாவளி போனஸ் வந்ததும் தனியாரிடம் செய்துகொள்ளலாம் என்றிருந்தோம்.

சம்பளம் மட்டும் என்றால் அவருக்கு வரி கிடையாது. போனஸும் சேர்ந்தபோது வருட வருமானம் வரி எல்லையைத் தாண்டியது. கைக்கு வருமுன்பே வரியைப் பிடித்துக்கொண்டார்கள். அடகிலிருந்த நகையை மீட்டுவிட்டு வந்த பிறகுதான் மிச்சம் கண்டிச் செலவுக்குப் போதாது என்று தெரிந்தது.

“நகைய திரும்ப வச்சிருவோங்க. மொதல்ல கண்டிக்குப் போவோம்.”

“இப்பதான மீட்டோம்? தை மாசம் பாத்துக்கலாம், விடு.”

மார்கழியில் ஒருநாள் காலை, கொழுந்து வாட்டும் மாடிக்கு ஏறியவர் அங்கேயே விழுந்தார். அதே தொழிற்சாலையில் மெஷின் பார்க்கும் அவருடைய தம்பிதான் தோளில் போட்டுக் கீழே இறக்கினான். லொறியில் ஏற்றும்போது உயிர் இல்லை.

கருமாதி முடிந்து, அவருடைய சேமலாப நிதிப் பணத்தை எடுக்கக் கையெழுத்துப் போடத் தோட்ட ஆபிசுக்குப் போனேன். கிளாக்கர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“டீச்சர், வருசம் பூரா சம்பளம் வாங்குவாருன்னு நெனச்சுதான் போனஸ்ல வரி வெட்டினது. இப்ப அவரோட வருச வருமானம் எல்லைக்குக் கீழ போயிருச்சு. மார்ச்சோட வரி வருசம் முடியவும் வருமானக் கணக்க எழுதி வரி விபரத்திரட்டு குடுத்தீங்கன்னா, வெட்டின காசு திரும்ப வரும்.”

உயிரோடு இருந்திருந்தால் அந்தக் காசு வராது. போட வேண்டிய கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

சித்திரையில் நுவரெலியா வரி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். படிவத்தில் நான் போனஸைத் தனியாக எழுதியிருந்த இடத்தை விரலால் தொட்டார்.

“இதைத் தனியப் போடாதேங்கோ அம்மா. சம்பளத்தோடைதான் சேரும். பிடிச்ச வரியை இஞ்சாலை எழுதுங்கோ. அவருக்குப் பதிலா நீங்கள் கையெழுத்து வைக்கவேணும்.”

பேனாவை மேசையில் வைத்துவிட்டேன். அவர் அவசரப்படுத்தாமல், அடுத்தவரை உட்காரச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

காசு வர வெகுநாள் ஆனது. அதில் அவருக்குக் கல்லறை கட்டச் சொன்னார் மாமியார். நான் கேட்கவில்லை. கொழுந்தனும் கொஞ்ச நாளாக நெஞ்சைத் தடவிக்கொண்டே நடப்பதைப் பார்த்திருந்தேன்.

“அண்ணன் காசுல எனக்கு எதுக்கு அண்ணி?” என்று சண்டை பிடித்தான்.

“பேசாம பஸ்ஸுல ஏறு,” என்றேன்.

கண்டியில் படமெடுத்துப் பார்த்தபோது இரண்டு இடத்தில் அடைப்பு. அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம், இன்னும் கூப்பிடவில்லை. லீவு போட்டால் சம்பளம் குறையும் என்று அவன் தினமும் வேலைக்குப் போகிறான். தொழிற்சாலையிலிருந்து யாராவது பள்ளிக்கூடப் பக்கம் வேகமாக நடந்து வந்தால், வகுப்பில் பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிடுகிறேன்.